டப்பாச்சாமி மீது ஒரு வழக்கு

பிப்ரவரி 3

தாழ்ப்பாள் மகாராணியின் சமூகத்துக்கு,

நூற்றுப் பதினேழு லிஃப்டுகளின் காவலனும், மேலே போனவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்கும் பெரும்பணியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையெல்லாம் கிரீஸ் ஆனவனும், உன் ஒரே அண்ணனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது.

"இனிமேல் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன். நான் சிரித்தால் நீ ஜெயித்துவிடுவாய். எதுவானாலும் கடிதத்தில் சொல்" என்ற உன் சீட்டு வந்து சேர்ந்தபோது, பதினான்காவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தேன். என் முழங்கால் ஆடியதில் கட்டடமே ஆடிவிட்டது. எட்டாவது மாடியில் ஒருவர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டதாகத் தகவல்.

என் குற்றம் என்ன? நீயும் மாப்பிள்ளையும் செய்துகொண்ட ஒப்பந்தம் எனக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை கடவுளை நம்புகிறவர். ரயிலைக் கிளப்புவதற்கு முன் அரை நிமிடம் கண்ணை மூடுகிறவர். கிளப்பிய பிறகு திறந்துகொள்கிறார் என்ற வரையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ நம்பாதவள்; பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாயில் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை கடவுள் உண்டு என்று அவரும் சொல்லக்கூடாது, இல்லை என்று நீயும் சொல்லக்கூடாது, அப்புறம் அவளே யோசித்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்று பேச்சு. ஏழு வருஷமாக இரண்டு பேரும் அதைக் காப்பாற்றியும் வந்தீர்கள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் மகள், நம் நீதிபதி அம்மாள், சமையலறையில் ஸ்டூல் மேல் ஏறி, பிஸ்கட் டப்பாவில் கைவிட்ட நிலையில் என்னிடம் பிடிபட்டாள். ஏழு வயதில் என்னையே குறுக்கு விசாரணை செய்கிறவள், அன்று உதடு பிதுங்கி அழத் தயாரானாள். அந்த அழுகை வெளியே வந்திருந்தால் ஏழு ஊருக்கு வெள்ளம் வந்திருக்கும். அதைத் தடுக்கத்தான் ஒரு சாமியை உண்டாக்கினேன். டப்பாவுக்குள் குடியிருப்பவர். ஒரு கண், ஒன்பது காது. மூடி வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்பார். தப்பு செய்துவிட்டால் மூடியில் மூன்று தட்டு தட்டி "ஸாரி" சொன்னால் போதும், கணக்குத் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. அழுகை நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று பிஸ்கட் தின்றோம்.

இதற்கா இத்தனை கோபம்?

இப்படிக்கு,
அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட அண்ணன்

பின்குறிப்பு: நீதிபதிக்கு இதைப் படித்துக் காட்டவும். "மாண்புமிகு நீதிபதி அவர்களே, தங்கள் மாமா நலம். நேற்று ஒரு லிஃப்டில் ஒரு புறா ஏறி ஐந்தாவது மாடியில் இறங்கிக்கொண்டது. பொத்தானை யார் அமுக்கினார்கள் என்று விசாரணை நடக்கிறது."

*

பிப்ரவரி 7

அண்ணா,

தேநீர் கொட்டிக்கொண்டவருக்கு என் அனுதாபம். இனி நான் சொல்வதைக் கேள்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் டப்பாவைத் தட்டுகிறாள். மூன்று தட்டு. ஏதோ முணுமுணுக்கிறாள். முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாய் என்று சொல்லவில்லை.

அவள் வகுப்பில் கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆறு முட்டை. தினம் ஒரு பிள்ளை அதற்குப் பொறுப்பு. சுருட்டை முடிக்காரி ஒருத்தி இருக்கிறாளே, இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், ஒரு நாள் அவளுடைய முறை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது நம் பெண் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். திரும்ப வைக்கும்போது சரியாக அமுக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. சூடு வெளியேறி ஆறு முட்டையும் வீணாகிவிட்டது.

டீச்சர் அட்டவணையைப் பார்த்தார். சுருட்டையின் பெயர் இருந்தது. அந்தக் குழந்தை அழுதிருக்கிறது. குஞ்சுக் குழுவிலிருந்து அவள் பெயர் அட்டையை எடுத்துவிட்டார்கள். இவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

எனக்கு இது தெரிந்தது டப்பாவால்தான். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "முட்டைக்கு ஸாரி" என்றாள். கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீச்சர்கிட்ட சொன்னியா என்றேன். நிம்மதியாகச் சொன்னாள்:

"சாமிகிட்ட சொல்லிட்டேன்மா. மூணு தட்டும் தட்டிட்டேன். அது முடிஞ்சுபோச்சு."

அந்த நிம்மதிதான் அண்ணா என்னைப் பயமுறுத்துகிறது.

உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இடத்தைக் காலியா வச்சா எவனாவது வந்து உட்காரத்தான் செய்வான். ஒழுங்கா ஒரு கடவுளைச் சொல்லிக் கொடுத்திருந்தா, முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட போய்ச் சொல்லிட்டு வான்னு அவர் சொல்லியிருப்பார்" என்றார். சாமி என்ற ஒன்றே இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ள அவளுக்கு இடமே இருந்திருக்காது என்றேன் நான். ஒரே சம்பவத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம். நான்கு நாளாக எங்களுக்குள் உப்பு எடு, தண்ணீர் எடு என்பதற்கு மேல் பேச்சில்லை.

நான் அவளை இழுத்துக்கொண்டு போய் டீச்சர் முன்னால் நிறுத்தலாம். அப்புறம் டப்பா இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிடுவேன். அது வேண்டாம் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. இருபதாம் தேதி புது முட்டை வைக்கிறார்கள். அதுவரை பொறுப்போம், அதற்கு மேல் சுருட்டையைக் காத்திருக்க வைப்பது பாவம், நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

உன் வேலை இது: "நான் சொன்னது பொய்" என்று உன் கையால் அவளுக்கு எழுது. கதை கட்டாமல் எழுது. எழுதும்வரை இந்த வீட்டுப் பக்கம் வராதே.

தங்கை

*

பிப்ரவரி 10

மகாராணி,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். நேற்று மூன்று லிஃப்டுகளை நான் எண்ணெய் போடாமலே ஓடவிட்டேன் என்றால், என் நிலைமையை நீயே ஊகித்துக்கொள். பயப்படாதே, இன்று காலை முதல் வேலையாகப் போய்ப் போட்டுவிட்டேன். மோட்டார் அறைகளில் ஒரு சோதனை அட்டை தொங்கும். பார்த்தேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறைகூட அதை யாரும் வந்து பார்ப்பதில்லை. இருந்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீதிபதியை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனபோது, "உங்களை யாரு செக் பண்ணுவா மாமா?" என்று கேட்டாள். உடனே ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தேன்.

கேட்டபடி நீதிபதிக்கு எழுதிவிட்டேன். படித்துக் காட்டு: "மாண்புமிகு நீதிபதி அவர்களே, வருத்தமான செய்தி. டப்பாச்சாமிக்கு ஒன்பது காதிலும் வலி வந்து, மருத்துவர்கள் பதினெட்டுப் பேர் கூடி ஆலோசித்து, அவரைப் பணியிலிருந்து ஓய்வு பெறச் சொல்லிவிட்டார்கள். நேற்று மாலை மாலைமரியாதையோடு கடல் கடந்து போனார். இனி டப்பாவில் பிஸ்கட் மட்டுமே இருக்கும். தப்பு செய்தால் டீச்சரிடம் சொல்லும்படி போகும்போது சொல்லிவிட்டுப் போனார்."

பொய் என்று எழுதச் சொன்னாய், தெரியும். தங்கச்சி, எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. இந்த உலகத்தில் எனக்கு இருக்கும் ஒரே பதவி மாமா பதவிதான். மாமா சொல்வதெல்லாம் புளுகு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை புறா கதை சொல்லும்போது என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சுருட்டை இப்போது எப்படி இருக்கிறாள்? ஏதாவது சொல்கிறாளா?

அண்ணன்

*

பிப்ரவரி 13

அண்ணா,

படித்துக் காட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள் உறையைப் பார்த்துவிட்டாள். படித்தேன். ஒரு தடவை கேட்டாள், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். "வேற ஒண்ணும் எழுதலையா?" என்றாள். காகிதத்தைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவே இல்லை. உன் பதினெட்டு மருத்துவர்களுக்கும் சிரிக்கவில்லை.

சாமியை அனுப்பிவைத்தாய், சரி. ஆனால் போகும்போதும் அவரைத்தானே கட்டளை போட வைத்திருக்கிறாய்? டீச்சரிடம் சொல் என்று கடல் கடந்து போகிற ஒரு டப்பா சொல்ல வேண்டுமா?

சுருட்டையைப் பற்றிக் கேட்டாய். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறாளாம். பென்சில் பெட்டியை மூடிவிட்டு, சரியாக மூடியதா என்று மறுபடி மறுபடி அமுக்கிப் பார்க்கிறாளாம். இதை இவளே வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. ஒரே வரி.

தங்கை

*

பிப்ரவரி 16

தங்கச்சி,

ஒரே வரி. சொல்வதற்கு எளிது. பதினோரு காகிதம் கிழித்துவிட்டேன். "நான் சொன்னது" வரை வருகிறது. அதற்கு மேல் பேனா, கரண்டு போன லிஃப்ட் மாதிரி நடுவில் நிற்கிறது.

இதைவிட நல்ல வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். நான் லீவு போட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மூடியைத் திறந்தது நான்தான் என்று டீச்சரிடம் சொல்கிறேன். முட்டை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் என்றும், ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தேன் என்றும் சொன்னால் நம்பாமலா போவார்கள்? சுருட்டை தப்பித்தாள், நம் நீதிபதியும் தப்பித்தாள். வேண்டுமானால் என் பெயர் அட்டையைக் குஞ்சுக் குழுவிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடட்டும்.

யோசித்துப் பதில் எழுது. அந்தப் பென்சில் பெட்டி விஷயத்தை நீ எழுதியிருக்க வேண்டாம்.

அண்ணன்

*

பிப்ரவரி 21

அண்ணா,

உன் ஜன்னல் யோசனையைப் படித்து உன் மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்தோம். அதற்காக ஒரு நன்றி. இனி அது தேவையில்லை.

பதினெட்டாம் தேதி காலை, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அம்மா, டப்பாவுல யாரும் இல்ல. நான் செக் பண்ணிட்டேன்."

உன் முதல் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அவளுக்கு முன்பல் விழுந்தது. உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடமும் தன் அப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு சீட்டில், "நீ இருந்தா என் பல்லு விழுந்ததை மாமாகிட்ட சொல்லு. அவர் லெட்டர்ல எழுதணும்" என்று எழுதி டப்பாவுக்குள் போட்டிருக்கிறாள். முதல் கடிதத்தில் பல் இல்லை, புறாதான் இருந்தது. தபால் முந்திப் போயிருக்கலாம் என்று சாமிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது கடிதத்திலும் பல் இல்லை. வழக்கு முடிந்தது. அந்தச் சீட்டை எனக்குக் காட்டினாள், பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் எங்களில் பாதிப் பேர் இத்தனை ஒழுங்காகச் செய்வதில்லை.

அன்றைக்கே டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. டீச்சரிடம் சொல்வதற்கு முன்னால் சுருட்டையிடம் சொல்லியிருக்கிறாள். சுருட்டை முதலில் இவளை நன்றாகக் கிள்ளிவிட்டு அப்புறம் அழுதாளாம். கையில் தடம் இருக்கிறது. இரண்டு நாள் இவளோடு பேசவில்லை. நேற்றுப் புது முட்டை வைக்கும்போது மூடியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள்.

உன் மாப்பிள்ளை அவளிடம் மெதுவாகக் கேட்டார். சாமியும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாய், நாங்களும் திட்டவில்லை, அப்புறம் ஏன் சொன்னாய் என்று. அவளுடைய பதிலில் தன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு ஆசை.

"நான்தான் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்ப்பா. சுருட்டைக்குத் தெரியாதே. அவதான் பண்ணிட்டோம்னு அவ நினைச்சுக்கிட்டே இருக்கா."

இரண்டு பேரும் தோற்றோம். சந்தோஷமாகத் தோற்றோம்.

உனக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவள் சொல்லி நான் எழுதுகிறேன்: மாமா எனக்கு ஸாரி சொல்லணும். டப்பாகிட்ட இல்ல, என்கிட்ட. லெட்டர்ல இல்ல, நேர்ல.

தங்கை

*

பிப்ரவரி 24

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீதிபதியின் தீர்ப்பை ஏற்கிறேன். நேரில் வந்து சொல்கிறேன்.

அவள் சொன்ன வாக்கியம் என்னை உட்காரவிடவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உனக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. பஞ்சு என்று ஒரு வெள்ளை முயல் வைத்திருந்தோம். பின்கட்டில் மரக்கூண்டு. ஒரு நாள் காலையில் கூண்டு திறந்திருந்தது, முயல் இல்லை. முந்தின நாள் கடைசியாக அதற்குக் கீரை போட்டது நீ. அப்பா உன்னைப் பொறுப்பில்லாதவள் என்றார். ஒரு வாரம் உன்னிடம் பேசவில்லை. நீ சாலை நெடுகத் தேடினாய்.

நீ தாழ் போட்டிருந்தாய். உனக்குப் பிறகு நான் போனேன். முயலைத் தூக்கி வைத்து விளையாடிவிட்டு உள்ளே விட்டேன். தாழ் போட மறந்துவிட்டேன்.

அன்று படுக்கையில் கடவுளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். அந்த வசதியைத்தான் முப்பத்தொரு வருஷம் கழித்து உன் பெண்ணுக்கு ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னதுபோல், முதலில் தங்கையிடம் போய்ச் சொல் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகுதான் நீ எந்தக் கதவையும் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தாய். அதைப் பார்த்து உனக்குத் தாழ்ப்பாள் மகாராணி என்று பெயர் வைத்தவன் நான். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

நீ செய்யவில்லை. நான்தான்.

அண்ணன்

*

மார்ச் 7

அண்ணா,

இரண்டு வாரமாக உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் கோபம் வந்தது. முயலுக்காக என்று நினைக்காதே. அது அப்போதே ஏதாவது தோட்டத்துக்குள் போய் நன்றாகத் தின்று கொழுத்திருக்கும். பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு குழாயின் சீட்டையும் மூன்று தடவை பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறேன். நான் மறக்கிறவள், என்னை நம்பக்கூடாது என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். அதை நீ ஒரு வாக்கியத்தில் எடுத்துவிட்டாய். எடுத்த இடம் காலியாக இருப்பது இன்னும் பழகவில்லை. நேற்றுக்கூட மூன்று தடவைதான் பார்த்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். சுருட்டைக்கே இரண்டு நாள் ஆயிற்று, எனக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். உன் கடிதத்தை உன் மாப்பிள்ளையிடம் மட்டும் காட்டினேன். படித்துவிட்டு, "பெரிய மனுஷன்தான், இவ்வளவு நாள் கழிச்சாவது சொல்லிட்டாரே" என்றார். "கிள்ளணும்னா நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றும் சொன்னார்.

வீட்டில் ஒப்பந்தம் மாறிவிட்டது. பன்னிரண்டு வரை காத்திருக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு யாரிடம் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அவர் தாம் நம்புவதைச் சொன்னார். நான் நம்பாததைச் சொன்னேன். ஒருவர் சொல்லும்போது மற்றவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நான் யோசிக்கிறேன்" என்றாள்.

பதின்மூன்றாம் தேதி குஞ்சு பொரிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அன்றைக்கு வீட்டுப் பெரியவர்கள் வரலாமாம். தன் பக்கத்து நாற்காலிக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அதற்கு முன்னால் தீர்ப்பு நிறைவேற வேண்டும் என்பதை நினைவுபடுத்தச் சொன்னாள்.

வா.

தங்கை

*

மார்ச் 10

தங்கச்சிக்கு,

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி ரயில். ஓட்டுநர் மாப்பிள்ளையாக இருந்தால் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்.

நீதிபதியிடம் சொல்ல வேண்டியதை மோட்டார் அறையில் நின்று சொல்லிப் பழகுகிறேன். "நான் சொன்னது பொய். அதனால சுருட்டை அழுதா. என்னை மன்னிச்சுடு." இதில் புறாவும் இல்லை, மருத்துவர்களும் இல்லை. சொல்லி முடிக்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை. சொல்லி முடித்ததும் வியர்த்துவிடுகிறது. உனக்குச் சொல்ல வேண்டியது இதைவிடச் சின்னது, அதனால் அதைப் பழகவில்லை. வாசலில் வந்து நின்றதும் வருகிறபடி வரட்டும்.

மகாராணி பட்டத்தை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். வேறு பெயர் எதுவும் யோசித்து வைக்கவில்லை.

அங்கே இருக்கும்வரை, வீட்டைப் பூட்டும்போது நீ ஒரு தடவை தாழைப் பார்த்தால் போதும். மீதி இரண்டு தடவை நான் பார்க்கிறேன்.

அண்ணன்